பெரியகல்லாறு மாப்பிள்ளைகள்

பெரியகல்லாறு,
03.06.2025

தம்பி நிதுர்ஷனுக்கு,

வாட்ஸ்அப்பில் புளொக் பண்ணியவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. புளொக்கை எடுக்கப் போவதில்லை. நான் போனில் ஒரு சொல் அனுப்பினால் அடுத்த நிமிடம் அது 'வாவி லீக் வதந்திகள்' பக்கத்தில் வந்து நிற்கிறது. துணி வியாபாரி, காத்தான்குடி ஆதம்பாவாக் காக்கா கிழமைக்கு ஒருதரம் துணி மூட்டையோடு குருமண்வெளியில் பாதைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து உங்கள் பக்கம் வருகிறாராம். இதை அவரிடம்தான் கொடுத்துவிடுகிறேன்.

'நிதுர்ஷன் இனிக் கொக்குவெளி கிங்ஸ்!' உன் சொந்த அக்கா நான், உன்னுடைய அணியின் மனேஜர், இதை வதந்திப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே அழுதேன். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன்.

கல்யாணச் சடங்குக்கு முதல்நாள் உன்னிடம் என்ன கேட்டேன்? "இந்த ஒரு வருசம் மட்டும் விதானையார்ட பதிவை இஞ்ச வச்சிரு மனே" என்றேன். "ஓம் அக்கா" என்றாய். தாலி கட்டி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, கிராமசேவகரிடம் போய்க் குடியிருப்புப் பதிவை மாற்றிவிட்டாய்.

இந்தச் சட்டத்தை எழுதிய கொழும்புக்காரரைத்தான் முதலில் திட்ட வேண்டும். 'வீரருக்கு நிரந்தர வீடு எந்த ஊரிலோ, அந்த ஊர் அணிக்குத்தான் அவர் ஆடலாம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருப்பான் என்ற எங்கள் வழக்கம் அவர்களுக்கு எங்கே தெரியும்? வேறு இடங்களில் அணி மாற ஒப்பந்தம் எழுதுகிறார்களாம். இங்கே தாலி கட்டினால் போதும். இந்த வைகாசியில் மட்டும் எங்கள் அணியில் ஐந்து கல்யாணம். ஐந்து பேரும் போயாச்சு. மிச்சம் இருப்பது மூன்று பொடியன்கள். யூலை முப்பத்தோராம் திகதிக்குள் எட்டுப் பேரின் பெயரைக் கொடுக்காவிட்டால் லீக்கில் எங்கள் இடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் பதின்மூன்று வயதில் கூடைப்பந்து தூக்கினேன். பெண்களுக்கு அணி இல்லை என்றார்கள். அதனால் உன்னை வைத்து இந்த அணியைக் கட்டினேன். அதை நீயே வந்து உடைத்துவிட்டாய்.

கம்சாயினி


கொக்குவெளி,
10.06.2025

அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது சர்மிலா வந்து, "என்னங்க, ஆரும் மோசம் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்ததாம். இல்லை, என் அக்காதான் உயிரோடு இருக்கிறா என்று சொன்னேன்.

'ஓம்' என்று சொன்னது பிழைதான். ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். வீடு உங்களுக்கு. வளவு உங்களுக்கு. அம்மாவின் அலுமாரிகூட உங்களுக்கு. அதை நான் ஒருநாளும் பிழை சொன்னதில்லை, பெண்ணுக்குத்தான் வீடு என்பது எங்கள் வழக்கம். ஆனால் பதிவை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு நான் எந்தக் கட்டிலில் படுப்பது? விதானையார் நேராகவே கேட்டார், "தம்பி, உங்கட சாரன் எந்தக் கொடியில காயுது?" என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே எனக்கு நல்ல வரவேற்பு. பாதையால் இறங்கியதும் மாலை போட்டார்கள், வெடி கொளுத்தினார்கள், ஏழாம் நம்பர் ஜேர்சி தந்தார்கள். போன வருடம்வரை 'வளர்மதி விளையாட்டுக் கழகம்' என்று இருந்ததை இப்போது 'கொக்குவெளி கிங்ஸ்' ஆக்கிவிட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் என் படம் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. மாமனார் தினமும் அந்த வழியால்தான் கடைக்குப் போகிறார்.

நீங்கள் கொழும்பிலிருந்து ஐந்து பேரை இறக்கப் போவதாக வதந்திப் பக்கத்தில் கிடக்கிறது. மெய்யா?

நிதுர்ஷன்


பெரியகல்லாறு,
21.06.2025

தம்பி,

கொழும்பிலிருந்து ஐந்து பேரா? அந்த வதந்தியைக் கிளப்பியதே நான்தான். உங்கள் கோச் பயப்படட்டும் என்று செய்தேன். அவர் பயப்படவில்லை, எங்கள் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயாதான் நம்பிவிட்டார். ஐந்து பேருக்கும் கட்டில் தேடி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு ஸ்பொன்சர் கம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்தான். தலையில் எண்ணெய், கையில் லெப்டொப். அணிக்குப் பெயர் மாற்ற வேண்டுமாம். 'லகூன் ட்ராகன்ஸ்.' வாயால் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு பல்லியின் படம். "தம்பி, எங்கட வாவியில முதலை இரிக்கி, ட்ராகன் எப்ப வந்த?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "முதல்ல எட்டுப் பேரைக் காட்டுங்க மிஸ், பிறகு பேரைப் பற்றிக் கதைப்பம்" என்றான்.

கழகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அணியைக் கொடுத்துவிடுவோம், இனி வெறும் தலையிடிதானே என்றார். நான் கத்திய கத்தில் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்களாம். கத்தி என்ன பயன்? எங்கள் ஊர் ஆண்பிள்ளையைப் பெற்று, சோறு போட்டு, பந்து பழக்கி, அடுத்த ஊருக்குத் தாரை வார்க்கிறது. இதில் நீ மாலையும் வெடியும் என்று எழுதுகிறாய்.

உன் படம் தொங்குகிற இடத்துக்கு ஒருநாள் வருவேன். வந்து மீசை கீறிவிட்டுப் போவேன்.

கம்சாயினி


கொக்குவெளி,
04.07.2025

அக்கா,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஆதம்பாவாக் காக்கா வாசல் கடப்படியில் நின்று, "எழுதி முடிச்சாத் தாங்க தம்பி, பாதை போயிரும்" என்று அவசரப்படுத்துகிறார். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒருவரும் எனக்குப் பந்து தருவதில்லை.

பயிற்சிக்குப் போகிறேன், ஓடுகிறேன், கையை உயர்த்துகிறேன், பந்து என்னைத் தாண்டிப் போகிறது. நான் போட்டால் கைதட்டுகிறார்கள், அதுவும் விருந்தாளிக்குத் தட்டுவதுபோல. என் பெயரைக்கூட ஒருவரும் சொல்வதில்லை, 'பெரியகல்லாத்தான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் இதே கதைதான். மாமி மீன் ஆணத்தில் பெரிய துண்டை எனக்குத்தான் வைக்கிறா. ஆனால் எனக்கு அந்த மீன் பிடிக்குமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு முதல் சோறு, கடைசிப் பந்து. நான் பிழை செய்தால்கூட ஒருவரும் ஏசுவதில்லை அக்கா. அதுதான் பெரிய கொடுமை.

சர்மிலா நல்லவள். அவள் ஒருத்திதான் எனக்காக வீட்டில் சண்டை பிடிக்கிறாள்.

இந்த ஒரு மாதத்தில் எனக்கு அடிக்கடி கோகுல் அத்தானின் ஞாபகம் வருகிறது. வாகரையிலிருந்து உங்களைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு வருடம். எங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவருடைய ஐஸ் லொறியில்தான் எங்களை ஏற்றிப் போனார். போய்க் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து முழு ஆட்டத்தையும் பார்ப்பார். தண்ணீர்ப் போத்தல் தூக்குவார். நாங்கள் வென்றால் வடை வாங்கித் தருவார். ஒருமுறை பந்து உருண்டு அவர் காலடிக்குப் போனது. அவர் ஒரு கையால் எடுத்து மைதானத்தின் அந்த முனையில் நின்ற என் நெஞ்சுக்கு நேராக எறிந்தார். அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை. இன்றைக்கு யோசிக்கிறேன். பழகாத ஆளால் அப்படி எறிய ஏலாது.

அத்தானிடம் நாங்கள் யாராவது ஒருதரமாவது கேட்டோமா, நீங்கள் விளையாடினீர்களா என்று?

நிதுர்ஷன்


பெரியகல்லாறு,
12.07.2025

டேய் தம்பி,

கேட்டேன்.

மனுசன் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றார். "இஞ்சாருங்க, நீங்க பாஸ்கட்போல் விளையாடினீங்களா?" என்றேன். கழுவுவதை நிறுத்தாமலே சொன்னார், "ஓம், டவுனில ஹொஸ்டல்ல நிண்டு படிச்ச காலத்தில. ஸ்கூல் டீமுக்கு ரெண்டு வருசம் கப்டன்."

எனக்குத் தலை சுற்றியது. ஆறு வருடம் ஒரே பாயில் படுத்த மனுசன்! "ஏங்க இவ்வளவு காலமும் சொல்லல்ல?" என்று கத்தினேன். "நீ கேக்கல்லியே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளவுக்குள் இருந்த கூடைப்பந்து வீரனை விட்டுவிட்டு ஊர் ஊராக ஆள் தேடியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் அவரை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்து எறிந்தார். எட்டு உள்ளே போனது. பிந்திய இரண்டும் தொப்பை குலுங்கியதால் தவறியதாம், அவரே சொன்னார்.

பிறகு எனக்கு விசர் பிடித்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "உங்கட வீட்டு மாப்பிள்ளை பந்து விளையாடுவாரா?" எல்லா வீட்டிலும் ஒரே பதில், "தெரியாதே பிள்ளை, நாங்க கேக்கல்ல." கேட்டால் என்ன வருகிறது தெரியுமா? திருகோணமலையிலிருந்து வந்த, நிலையில் தலை இடிக்கிற வங்கிக் காவலாளி, மாவட்ட அணிக்கு ஆடியவர். கல்முனை வாத்தியார், பல்கலைக்கழக அணி. ஆயித்தியமலையிலிருந்து வந்த கமக்காரர், இதுவரை பந்து தொட்டதில்லை, ஆனால் நெல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வட்டை முழுக்க ஓடுவார். மொத்தம் ஆறு மாப்பிள்ளைமார். மிச்சமிருந்த மூன்று பொடியன்களோடு ஒன்பது பேர்!

நேற்றுக் கூட்டம். தலைவர் வினாயகமூர்த்தி ஐயா கழக யாப்பைத் தூக்கிக் காட்டினார். நாலாம் பிரிவு: 'பெரியகல்லாற்றில் பிறந்தவர் மட்டும்.' "வந்தவனுகளைப் போட்டு ஊர்ப் பேரைக் கெடுக்க ஏலாது" என்று மேசையில் அடித்தார். முப்பது வருடமாக இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளையெல்லாம் வெளியே இருத்திவிட்டு, போகிற ஆளையெல்லாம் பழக்கியிருக்கிறோம். இப்படி ஒரு மடத்தனம் உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது.

நான் எழுந்து மரியாதையாகவே கேட்டேன், "ஐயா, நீங்க பிறந்த இடம் எது?"

அவர் ஆரையம்பதிக்காரர். நாற்பத்தொரு வருடத்துக்கு முதல் இங்கே கலியாணம் முடித்து வந்த மாப்பிள்ளை. அது ஊருக்கும் மறந்துபோச்சு, அவருக்கும் மறந்துபோச்சு! மண்டபம் முழுக்கச் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. நல்ல மனுசன், அவரும் சிரித்துவிட்டு, பேனையை எடுத்து நாலாம் பிரிவைத் தானே வெட்டினார்.

இது உன்னால் வந்தது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

கம்சாயினி

பி.கு: சர்மிலாவிடம் சொல், உனக்குச் சுறா பிடிக்காது, ஒட்டி மீன்தான் பிடிக்கும் என்று.


கொக்குவெளி,
22.07.2025

அக்கா,

நேற்று ஒட்டி பொரித்தார்கள்! மாமி என் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றா. நாலு துண்டு தின்றேன்.

உங்கள் அணியைப் பற்றி இங்கே வராத கதை இல்லை. ஆதம்பாவாக் காக்கா ஒவ்வொரு கடப்படியிலும் ஒவ்வொரு கதை விட்டுப் போகிறார். ஏழடி உயர வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்திருக்கிறான் என்றும், அவனுக்குத் தனியாகக் கட்டில் செய்தார்கள் என்றும் சொல்கிறார். அது தலைவர் ஐயா தேடிய கட்டில் என்று நான் வாயே திறக்கவில்லை. எங்கள் கோச் மட்டும் சிரிக்கிறார். "முப்பத்தஞ்சு வயசு, தொப்பை, ஐஸ் லொறி. எங்கட பொடியனுகள் ஓடினாலே மூச்சு வாங்கி விழுந்திருவானுகள்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் எந்த அணி அக்கா? எனக்கே தெரியவில்லை.

நிதுர்ஷன்


பெரியகல்லாறு,
11.08.2025

தம்பி,

பதிவு முடிந்தது. முப்பதாம் திகதி பின்னேரம், ஒரு நாள் மிச்சம் வைத்து, ஒன்பது விதானைக் கடிதத்தையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெயர்ச் சண்டையைக் கேள். ட்ராகன் பொடியன் திரும்ப வந்தான். அவன் லெப்டொப்பைத் திறக்கும்போதே வாசலில் நின்ற பெண்கள், "எங்கட மாப்பிள்ளைகள் எங்க? பயிற்சிக்கு வந்திட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அவனிடம் சொன்னேன், "எழுது தம்பி. பெரியகல்லாறு மாப்பிள்ளைகள். இதுதான் பேர்." "இது பிராண்ட் இல்ல மிஸ்" என்றான். "எங்கட வீட்டு ஆக்கள்தான் எங்கட பிராண்ட்" என்றேன். தலைவர் ஐயா எழுந்து நின்று, "நானும் மாப்பிள்ளைதான்" என்றார். அதோடு விசயம் முடிந்தது.

ஜேர்சி நானே தைத்தேன். வெள்ளை, கீழே இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டுவேட்டிக் கரை. வதந்திப் பக்கத்தில் முதலில் நக்கலடித்தார்கள். இப்போது காத்தான்குடிக் கடைகளில் அந்தக் கரை முடிந்துவிட்டதாம், ஆதம்பாவாக் காக்கா ஓடர் எடுத்துக்கொண்டு திரிகிறார்.

முதலாவது ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? மனைவிமார் ஆறு பேரும் முன்வரிசையில். புருசன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நமக்கு இல்லையே. பந்து வருகிறது, ஒருத்தி "இஞ்சாருங்க!" என்று கத்துகிறாள். மைதானத்தில் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்! பந்தை மற்ற அணி கொண்டுபோய்ச் சும்மா போட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. நான் இடைவேளையில் ஆறு பெண்டுகளையும் நிரையாக நிற்கவைத்து, இனி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே "பதினொண்டு, ஓடுங்க" என்றாள். பதினொன்று ஓடிய ஓட்டம் நீ பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு புள்ளியால் வென்றோம். அடுத்ததும் வென்றோம். உன் அத்தான் தொப்பையைக் கொஞ்சம் தொலைத்துவிட்டார்.

நீ எந்த அணி என்று கேட்டிருந்தாய். கொக்குவெளி அணிதான். நல்லா விளையாடு. எங்களோடு மோதும்போது விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால் வாவி நீந்தி வந்து அடிப்பேன்.

அக்கா


கொக்குவெளி,
23.09.2025

அக்கா,

மண்டூர்த் திருவிழாவில் நீங்கள் சர்மிலாவைக் கட்டிப்பிடித்ததற்கு அடுத்த நாளிலிருந்து என் போனில் உங்கள் படம் திரும்பத் தெரிகிறது. ஆனாலும் இதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும்போல் இருக்கிறது.

முந்தநாள் நம் இரண்டு ஊரும் மோதிய இறுதியாட்டத்தில் மூன்றாம் காற்பகுதி முடியும்வரை கோச் என்னை இருத்தித்தான் வைத்திருந்தார். நாங்கள் பதினாறு புள்ளி பின்னுக்கு. அப்போது எங்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு பெண் குரல், "ஏழாம் நம்பரை இறக்கு! எங்கட ஏழை இறக்கு!" என்று கத்தியது. சர்மிலாதான். நீங்கள் போட்ட சட்டம் இங்கேயும் வந்துவிட்டது.

இறங்கினேன். பதினைந்து புள்ளி போட்டேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நீங்கள் பார்த்தீர்கள். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தேழு, நாங்கள் ஒன்று பின்னுக்கு. எட்டு விநாடி. பந்து என் கையில், முன்னால் கோகுல் அத்தான். மனுசனுக்கு மூச்சு வாங்குகிறது. இவரைத் தாண்டுவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். இரண்டு தட்டுத் தட்டி இடப்பக்கம் போனேன். அங்கே அவர் எனக்கு முதலே போய் நிற்கிறார்! பந்தை வழித்து எடுத்துக்கொண்டு, அதைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். விசில் ஊதியாச்சு, நானும் பக்கத்தில் விழுந்து கிடக்கிறேன்.

பிறகு கேட்டேன், "எப்பிடி அத்தான் தெரியும்?" என்று. "ஆறு வருசமா வலைக்குப் பின்னால இருந்து பாத்தனான்" என்றார், "அவசரத்தில நீ இடப்பக்கம்தான் போவாய்." சொல்லிவிட்டு என்னைத் தூக்கிவிட்டார். நீங்கள் ஒன்பது மாப்பிள்ளைகளுக்கு நடுவில் கிண்ணத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அழுதீர்கள். பதின்மூன்று வயதில் பந்து தூக்கியதற்குக் கிடைத்தது. என் ஊர் தோற்று நிற்க, நானும் நின்று கைதட்டினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலையில்தான் சொன்னார்கள். விடிந்ததும் கடப்படியில் பத்துப் பதினைந்து பேர். மாமனாரின் தம்பி, கடைக்காரர், பாதை ஓட்டுகிறவர், கோச்சும் வந்திருந்தார். "நிதுர்ஷன், வெளிய வா!" முதல்முறையாக என் பெயர். "வலப்பக்கம் வெறுமையாக் கிடக்க, என்னத்துக்கு இடப்பக்கம் போன நீ? கண் தெரியாதா? ஊர் மானத்தைக் கொண்டுபோய் வித்திட்டியே!" ஆளுக்கொரு பக்கம் ஏசுகிறார்கள். என்னோடு முகம் பார்த்து ஒரு சொல் கதைக்காத மாமி குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்து, "சொல்லுங்க மருமகன், ஏன் இடப்பக்கம் போனீங்க?" என்று கேட்டா.

அக்கா, கடப்படிக் கம்பில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன். வந்தவனை ஒருவரும் அப்படி ஏசமாட்டார்கள்.

இன்று விடிய ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். வலப்பக்கம் போகப் பழக்குகிறார்களாம். பந்து எனக்குத்தான் முதலில் வந்தது. அடுத்த வருடக் கிண்ணத்தைக் கவனமாகத் துடைத்து வையுங்கள், எங்கள் ஊருக்குக் கொண்டு வர வேண்டும்.

கொக்குவெளி நிதுர்ஷன்